‘ஏன் போகவில்லை?’ – ‘சங்கதி’யை எங்கள் தெருவில் வாசித்தபோது

ஆலங்குளத்தில் எங்கள் தெருவிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் எட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்து, பாமாவின் ‘சங்கதி’யைச் சத்தம் போட்டு வாசித்தேன். ஒரே நாளில் இல்லை, ஏழெட்டு ராத்திரி. தெருவிளக்குக்கு அடியில், வெங்காயம் உரித்துக்கொண்டும் பிள்ளைக்குத் தலை பார்த்துக்கொண்டும் கேட்டார்கள். ராக்கம்மா வருகிற இடத்தில் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. தாயி வருகிற இடத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு அக்கா மட்டும், “இத எழுதுன பிள்ள எந்த ஊரு?” என்று கேட்டார். திருவில்லிபுத்தூருக்கு அங்கிட்டு, வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி என்றேன். “அதான பாத்தேன்” என்றார்.

மதுரையில் படிக்கிற தம்பி ஒருவன் அன்றைக்கு வந்திருந்தான். இயக்க வேலை பார்க்கிறவன், நல்ல பையன். அவன் கேட்டான்: “இம்புட்டு அடிக்கிறான்னு தெரிஞ்சும் ஏங்க்கா கூடவே இருக்காங்க? போயிற வேண்டியதுதான?” அதற்கு அந்த அக்கா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “சரி, நான் போறேன். எம்புட்டு வாடகை குடுப்ப? பிள்ளைக மூணையும் எங்க சேப்ப? எங்கண்ணன் வீட்டுக்குப் போனா மதினி எத்தன நாளைக்குச் சோறு போடுவா? ஆபீசுல எவனாச்சும் ஒரு மாதிரி பேசுனா, ‘புருசன விட்டவதான’ன்னு சொல்வானே, அவன் வாய நீ அடைப்பியா?” தம்பி பேசாமல் இருந்துவிட்டான். எனக்கும் பதில் கிடையாது.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். படித்தவர்கள், படிக்காதவர்கள், போலீஸ்காரர், பங்குச் சாமியார், நம் தோழர்கள் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். ஏன் அடிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஏன் இருக்கிறாள் என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியே குற்றவாளியை மாற்றிவிடுகிறது.

‘கருக்கு’ 1992இல் வந்தது, ‘சங்கதி’ 1994இல். ‘சங்கதி’யைப் பற்றி நம்மிடையே இரண்டு வாசிப்புகள் நடந்தன. ஒன்று கொண்டாட்ட வாசிப்பு. தலித் பெண் உழைக்கிறாள், சம்பாதிக்கிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள், புருசனை எதிர்த்து நிற்கிறாள், ஆகவே மேல்சாதிப் பெண்ணைவிட விடுதலை பெற்றவள் என்பது. இன்னொன்று முணுமுணுப்பு வாசிப்பு. நம்ம அசிங்கத்தை நாமே தெருவில் போடலாமா, எதிரி கையில் ஆயுதம் கொடுக்கலாமா என்பது. ஒருவர் பாராட்டினார், ஒருவர் முகம் சுளித்தார். ஆனால் அடிவாங்குகிறவள் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று அந்தப் பிரதி விரித்து வைத்திருக்கிற பக்கங்களை இரண்டு பேருமே தாண்டிப் போய்விட்டார்கள்.

உளவியல்காரர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லெனோர் வாக்கர் 1979இல் அடிபடும் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வன்முறை ஒரு சுழற்சியாக வருகிறது என்றார். முதலில் புகைச்சல் கூடிக்கொண்டே போகும். அப்புறம் அடி விழும். அதற்குப் பிறகு அவன் அழுவான், மன்னிப்புக் கேட்பான், கொஞ்சுவான். அந்தக் கொஞ்சலை நம்பி அவள் இருந்துவிடுவாள். இதோடு ‘கற்றுக்கொண்ட கையாலாகாத்தனம்’ என்ற கருத்தையும் சேர்த்தார். அது மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 1967 வாக்கில் நாய்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது. தப்ப முடியாதபடி திரும்பத் திரும்ப மின்அதிர்ச்சி கொடுத்தால், பிற்பாடு தப்ப வழி இருக்கும்போதும் நாய் அசையாமல் படுத்துக்கொள்கிறது. பெண்ணும் அப்படித்தான் என்றார் வாக்கர்.

இதை நான் முழுசாகத் தள்ளவில்லை. ‘அவளுக்கு அடி வாங்குவது பிடிக்கும்’ என்று அதுவரை ஆண் மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்த அயோக்கியத்தனத்தை உடைத்தது வாக்கருடைய வேலை. ஆனால் எங்கள் தெருவில் வைத்துப் பார்த்தால் பாதிதான் பொருந்துகிறது. மூன்றாவது கட்டமான அந்தக் கொஞ்சல் இங்கே எங்கே இருக்கிறது? ‘சங்கதி’யில் தேடிப் பார்த்தேன், அநேகமாக இல்லை. எங்கள் தெருவிலும் அதிகபட்சம் மறுநாள் ராத்திரி ஒரு புரோட்டாப் பொட்டலம் வரும், அதுவும் பிள்ளைகள் பேரைச் சொல்லி. மன்னிப்பு நம்பிக்கையில் யாரும் இருக்கவில்லை. வாடகை, சோறு, பிள்ளை, ஊர் வாய், இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். அந்த அக்கா தம்பிக்குச் சொன்னது கையாலாகாதவள் பேச்சா? கணக்குப் போட்டவள் பேச்சு.

வாக்கரை மறுத்து 1988இல் கோண்டால்ஃப், ஃபிஷர் என்ற இருவர் டெக்சாஸ் மாநிலக் காப்பகங்களுக்கு வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை வைத்து எழுதினார்கள். அடி கூடக் கூட அந்தப் பெண்கள் ஒடுங்கிப் போகவில்லை, மேலும் மேலும் பல பேரிடம் உதவி கேட்டுப் போயிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். கையாலாகாமல் போனது அவர்கள் இல்லை, உதவி செய்யவேண்டிய இடங்கள்தான் என்பது அவர்கள் வாதம். இதைப் படித்தபோது எனக்கு ‘சங்கதி’தான் ஞாபகம் வந்தது. பாமா இந்தப் புத்தகங்களையெல்லாம் பார்த்துவிட்டு எழுதவில்லை. தன் பாட்டி சொன்னதையும் தெருவில் பார்த்ததையும் எழுதினார்.

தாயியை எடுத்துக்கொள்வோம். ஊருக்குள் அழகி என்று பெயரெடுத்தவள். புருசன் பெல்ட்டால் விளாசுகிறான். ஒருநாள் அவள் முடியை அறுத்து வீட்டு வாசலில் தொங்கவிடுகிறான். அடி என்பது கோபத்தில் தவறி விழுகிற கை என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். முடியை அறுத்து, வருகிறவர் போகிறவர் பார்க்க மாட்டிவைக்கிறவனுக்குக் கோபத்தில் கை தவறவில்லை. அவன் ஊருக்கு ஒரு செய்தி சொல்கிறான்: இது என் பொருள். இவான் ஸ்டார்க் 2007இல் எழுதிய புத்தகத்தில், அடியை ஒவ்வொரு அடியாக எண்ணுவதால் பயனில்லை, அவள் நடமாட்டம், பேச்சு, உடம்பு, காசு எல்லாவற்றையும் ஒருவன் தன் பிடிக்குள் வைத்திருக்கிறானே, அந்தப் பிடிதான் குற்றம் என்றார். தாயி வாசலில் தொங்கிய முடியைப் பார்த்தால் இது புரியும்.

தாயி பகுதியை வாசித்து முடித்த அன்றைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஒருத்தர் சொன்னார்: “செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சிரும், எம்புட்டுக் குடிச்சிருக்கான்னு.” இன்னொருத்தர்: “சைக்கிள எப்படிச் சாத்துறான்னு பாப்பேன். சுவரோட மெதுவாச் சாத்துனா ஒன்னுமில்ல. கீழ விழுந்துச்சுன்னா பிள்ளைகள எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருவேன்.” மூன்றாவது ஒருத்தர், மண்ணெண்ணெய் டப்பாவையும் அரிவாள்மனையையும் ராத்திரி எங்கே ஒளித்து வைப்பார் என்று சொன்னார். அதை எழுத மாட்டேன். ஜூடித் ஹெர்மன் 1992இல், நம் ‘கருக்கு’ வந்த அதே வருசம், வதையும் மீட்சியும் பற்றி எழுதிய நூலில், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கும் வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணுக்கும் வருகிற நோய் ஒன்றுதான் என்று காட்டினார். எப்போதும் உசாராக இருப்பது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிப்போடுவது, தூக்கம் வராதது. சரிதான். ஆனால் சிப்பாய் திரும்பி வந்துவிட்டான். இவள் இன்னும் போர்க்களத்தில்தான் அடுப்புப் பற்றவைக்கிறாள். அவள் உசாரை நோய் என்று மட்டும் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்த உசார்தான் அவளையும் பிள்ளைகளையும் இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது.

இனி ராக்கம்மா. புருசன் பாக்கியராசு அடிக்க வருகிறான். ராக்கம்மா அடி விழும் முன்னாலேயே கத்தத் தொடங்குகிறாள். ஊரைக் கூட்டி, அவன் பரம்பரையை இழுத்து, வாயில் வந்ததையெல்லாம் பேசி, கடைசியில் கூட்டத்துக்கு முன்னால் சேலையைத் தூக்கிவிடுகிறாள். அவன் ஓடிப்போகிறான். கதை சொல்கிறவளுக்கு முதலில் அருவருப்பு வருகிறது. பிறகு யோசித்து, இப்படிச் செய்யாவிட்டால் இவளை அடித்தே கொன்றிருப்பானே என்று வந்துசேர்கிறாள். ‘சங்கதி’யில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மனமாற்றம்தான். எழுதுகிறவள் தன் அருவருப்பை மறைக்கவில்லை.

தலித் எழுத்து மேட்டுக்குடி வாசகனை முகம் சுளிக்க வைக்க வேண்டும் என்று தொண்ணூறுகளில் நிறையப் பேசினோம். ராக்கம்மாவை அதற்கு உதாரணம் காட்டினோம். இப்போது யோசித்தால் அதில் ஒரு மோசம் இருக்கிறது. ராக்கம்மா வாசகனுக்காகச் சேலையைத் தூக்கவில்லை. அவள் செய்தது வேறு. சண்டையை வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். நான்கு சுவருக்குள் அவன் பலசாலி. தெருவில் நாலு பேர் பார்க்கும்போது மானம் அவனுக்கும் உண்டு. தன்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் தன் வெட்கம், அதையும் கீழே போட்டுவிட்டாள். எங்கள் பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. சிரித்து முடித்ததும் ஒரு பாட்டி கேட்டார்: “அன்னைக்குத் தப்பிச்சா. மறுநா ராத்திரி?” கலகம் என்று எழுதிய நம் விமரிசகர்கள் யாருக்கும் இந்த மறுநாள் ராத்திரி தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

பேய் பிடிக்கிற அத்தியாயத்தையும் சொல்ல வேண்டும். பேய் ஏன் நம் தெருப் பொம்பளைகளையே பிடிக்கிறது, மேல்சாதிக்காரிகளைப் பிடிப்பதில்லை என்று பாமா கேட்கிறார். காட்டிலும் வேலை, வீட்டிலும் வேலை, ராத்திரி புருசன், தூங்க நேரமில்லை, பேச ஆளில்லை. அமுக்கி வைத்தது ஒருநாள் வேறு குரலில் வெளியே வருகிறது. டாக்டரிடம் போனால் மனப்பிளவு நிலை என்று ஏதோ பெயர் சொல்வார். எங்கள் ஊரில் அவளுக்குக் கிடைக்கிற ஒரே லீவு அதுதான். பேயாடும்போது அவள் புருசனை ‘டேய்’ என்று கூப்பிடலாம், கோழிக்கறி கேட்கலாம். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. கோடாங்கி வந்து வேப்பங்குலையாலும் சாட்டையாலும் அடிப்பான். பேயைத்தான் அடிக்கிறேன் என்பான், அடி விழுகிறது அவள் முதுகில். அந்த அத்தியாயத்தில் வருகிற பேயே யார் தெரியுமா? சாதி மாறிக் கட்டிக்கொண்டதற்காக அண்ணன்மாரால் வயிற்றுப் பிள்ளையோடு கொல்லப்பட்டவள்.

வத்திராயிருப்புப் பக்கம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அர்ச்சுனாபுரத்தில்தான் நல்லதங்காள் கோயில் இருக்கிறது. பஞ்சத்துக்கு அண்ணன் வீடு தேடி வந்து, மதினி சோறு போடாததால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். எங்கள் தெரு அக்கா ‘மதினி எத்தன நாளைக்குச் சோறு போடுவா’ என்றது சும்மா வந்த வார்த்தையில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கிணறு தெரியும். 1989இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, பிள்ளைகள் செத்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு பெண்ணின் மனநிலையை விளக்க நல்லதங்காளைத் துணைக்கு அழைத்தது. திடீரென்று வந்த ஆத்திரம் மட்டுமல்ல, வருசக்கணக்காகச் சேர்ந்து வந்த ஆத்திரமூட்டலும் கணக்கில் வரும் என்று சொல்லிக் கொலைக்குற்றத்தைக் குறைத்தது. அதற்குப் பிறகு சட்டம் படிக்கிறவர்கள் மத்தியில் ‘நல்லதங்காள் நோய்க்குறி’ என்றே ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. வாக்கர் சொன்ன ‘அடிபட்ட பெண்ணின் நோய்க்குறி’க்கு நம் ஊர்ச் சரக்கு.

தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான், அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது. பெயர்தான் எனக்கு உறுத்துகிறது. கதையில் நல்லதங்காளை அடித்த புருசன் கிடையாது. பழி முழுவதும் மதினி தலையில். ஊரே காறித் துப்புவது ஒரு பொம்பளை மேல். அண்ணன் யோக்கியன், புருசனைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆண்கள் தப்பித்துவிட்ட ஒரு கதையின் பெயரை, ஆணால் அடிபட்டவளின் மனதுக்கு வைத்திருக்கிறார்கள். அதோடு, செத்தவளுக்குக் கோயில் கட்டுகிறோம், சாகப் போனவளுக்குச் சட்டத்தில் இரக்கம் கிடைக்கிறது. சாக மாட்டேன் என்று தெருவில் நின்று கத்துகிற ராக்கம்மாவுக்கு எந்த நோய்க்குறியும் கிடையாது. அவளுக்கு வைத்த பெயர் ‘வாயாடி’, ‘அடங்காப்பிடாரி’.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். நம் ஆண்கள் ஏன் அடிக்கிறார்கள் என்பதற்குப் பாமா ஒரு காரணம் சொல்கிறார். முதலாளியிடம் அடியும் வசவும் வாங்குகிறவன், அங்கே வாலைச் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டில் பாய்கிறான் என்று. இது உண்மை. ஆனால் இந்த உண்மையை நம் மேடைகளில் என்ன செய்தோம்? விளக்கத்தை மன்னிப்பாக மாற்றிக்கொண்டோம். சாதி ஒழிந்தால் இது தானாகச் சரியாகிவிடும், அதுவரை பொறுங்கள் தாயி என்றோம். முதலாளி அவனை மட்டுமா வைதான்? அவளையும் வைதான், கையைப் பிடித்தும் இழுத்தான். சாயங்காலம் அவள் யாரை அடித்தாள்? சில நாள் பிள்ளைகளை அடித்தாள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவனை அடிக்கவில்லை. அடி மேலிருந்து கீழே மட்டும் பாய்கிறது என்றால் அதற்குச் சாதி என்ற வாய்க்கால் மட்டும் போதாது.

மாரியம்மா கதையில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. பம்புசெட்டுக் கொட்டகைக்குள் இழுத்த முதலாளியிடமிருந்து தப்பி ஓடுகிறாள். அவன் முந்திக்கொண்டு, இவளை மாணிக்கத்தோடு சேர்த்துப் பழி போடுகிறான். பஞ்சாயத்துக் கூடுகிறது. கூடியவர்கள் நம் ஆட்கள்தான். மாணிக்கத்துக்கு 100 ரூபாய் அபராதம், மாரியம்மாவுக்கு 200. அப்பன் கூட்டத்தில் வைத்தே அடிக்கிறான். பிற்பாடு அந்த மாணிக்கத்துக்கே கட்டிவைக்கிறார்கள், அவனும் அடிக்கிறான். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்கிறது. இந்திய அளவில் அது 29. மாரியம்மாவிடம் அந்தப் படிவத்தைக் கொண்டுபோனால் ‘ஆம்’ என்று ஒரு கட்டத்தில் குறி விழும். முதலாளி, நாட்டாமை, அப்பன் மூன்று பேரும் எந்தக் கட்டத்தில் வருவார்கள்? அவளுக்கு அந்தக் கல்யாணமே அபராதத்தின் பாக்கிதான். தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்று கோபால் குரு 1995இல் எழுதியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அம்பேத்கர் 1942இல் நாகபுரியில் கூடியிருந்த ஆயிரக்கணக்கான பெண்களிடம், கட்டிக்கொள்கிறவனுக்குத் தோழியாக, சமமாக நில்லுங்கள், அடிமையாக இருக்க மறுத்துவிடுங்கள் என்று பேசினார். சாதி ஒழிகிறவரை பொறுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நம் சுவரொட்டிகளில் அந்த வரி ஏறவே மாட்டேன் என்கிறது.

போவதற்கு வழி என்று சொல்கிறவற்றையும் பார்த்துவிடலாம். கத்தோலிக்கராக இருப்பதால் தாலியைக் கழற்ற முடியாது, பக்கத்துச் சக்கிலியத் தெருவிலாவது தீர்த்துவிட்டுப் போக வழி இருக்கிறது என்று பாமா எழுதியது சாமியார்களுக்குக் கசந்தது. தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையம் 1992இல் வந்தது. ஒரு அக்காவோடு துணைக்குப் போயிருக்கிறேன், எந்த நிலையம் என்று சொல்லவில்லை. முதலில் தெருப் பெயரைக் கேட்டார்கள். சொன்னதும், “உங்க தெருவுல இது வழக்கம்தானம்மா” என்றார்கள். காது கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மனு ரசீதுகூடத் தரவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 உதவாது, அடித்தவனும் நம் சாதி. குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. கணவனோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கிற உரிமையை அது தருகிறது. நல்ல சட்டம். எங்கள் காலனி வீடு ஒற்றை அறை. உரிமையோடு அவள் எந்த மூலையில் படுப்பாள்?

மீனா கந்தசாமி 2017இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘வென் ஐ ஹிட் யூ’ நாவலில் புருசன் படித்தவன், புரட்சி பேசுகிறவன். மங்களூரில் ஒரு வீட்டுக்குள் அவளைத் தனியாக்கி, போனையும் ஈமெயிலையும் பறித்துவிடுகிறான். எங்கள் தெருவில் அந்தத் தனிமை கிடையாது. சுவருக்குச் சுவர் ஒட்டி இருக்கிறது, ஒரு வீட்டு அடி நாலு வீட்டுக்குக் கேட்கும். கேட்டும் ‘புருசன் பொண்டாட்டி சண்டை’ என்று திரும்பிப் படுப்பார்கள். இது இன்னொரு வகைத் தனிமை. சிவகாமியின் ‘ஆனந்தாயி’ (1992) நாவலில் லட்சுமி ஓடிப்பார்க்கிறாள், பிடித்துக்கொண்டு வந்து அடிக்கிறான் பெரியண்ணன். ‘ஏன் போகவில்லை’ என்று கேட்கிறவர்கள் லட்சுமியைப் படிக்கட்டும்.

‘சங்கதி’யில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அத்தியாயங்கள் முடிகிற இடங்களில் படித்த பெண்ணான கதைசொல்லி யோசனை சொல்லத் தொடங்கிவிடுகிறாள். பெண்பிள்ளையையும் ஆண்பிள்ளையையும் ஒன்றாக வளர்க்க வேண்டும், நாம்தான் மாற வேண்டும் என்று. தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கங்களை நான் வாசிக்கும்போதெல்லாம் எங்கள் பெண்கள் வெங்காயக் கூடையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். பாட்டி பேசினால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கடைசி நாள் அந்த அக்கா தாயி வருகிற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. புத்தகத்தை வாங்கி, எந்தப் பக்கம் என்று கேட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். ஒன்பதாவது படிக்கிற அவர் மகள் வாசித்தாள். முடி அறுக்கிற இடத்தில் அவளுக்குக் குரல் நின்றுவிட்டது. “மேல வாசி” என்றார். வாசித்தாள். கடைசி பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. பேச்சு எதுவும் இல்லாமல் நாலு பேர் எழுந்து சேலையை உதறிக்கொண்டு போனார்கள். அந்த அக்காவும் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, “அந்த மனுசன் வர்ற நேரம்” என்று மகளை இழுத்துக்கொண்டு போனார்.